மலர்வளையம், ஒன்று

வியாழக்கிழமைப் பேருந்து எப்போதும் தாமதம்.
அதனால்தான் படித்தேன்,
நாடாளுமன்ற உறுப்பினர் மெரியல் ஸ்வான்சன்
தன் அலுவலகக் கண்ணாடியில்
உள்பக்கமாக ஒட்டிவைக்கும் ரசீதுகளை.
தேர்தலின்போது சொன்னாள்,
என் செலவில் ஒளிவுமறைவு இருக்காது என்று.
சொன்னபடி மாதம் பிறந்தால் ஒட்டுகிறாள்.
ஊரே மூக்கை வைத்துப் பார்க்கிறது.
மூச்சு பட்டுப் பட்டு
மூன்றாம் வரிசை எப்போதும் மங்கல்.

இன்வர்னெஸ்ஸிலிருந்து லண்டன், இரவு ரயில், படுக்கை.
அச்சு இயந்திரத்துக்கு மை.
லண்டன் வீட்டு வாடகை:
அதற்கு எவருக்கும் கோபம் வரவில்லை.
அத்தனை பெரிய தொகையை வைத்துப் பார்க்க
இங்கே எவர் மனதிலும் இடமில்லை.
ஆனால் பிஸ்கட், இரண்டு பொட்டலம்?
அதற்காக வில்லினா பேருந்தையே தவறவிட்டாள்.
"இஞ்சி பிஸ்கட்! அதுவும் விலை கூடினது!"

அதற்குக் கீழே
தேயிலைக்கும் தபால்தலைக்கும் நடுவில்
மலர்வளையம், ஒன்று.
நாற்பத்திரண்டு பவுண்டு.
மார்ச் ஒன்பது.

மார்ச் ஒன்பதை எனக்குத் தெரியும்.
அன்று இந்த ஊரில்
ஒரே ஒரு பெட்டிதான் குழிக்குள் இறங்கியது.
உள்ளே லாக்லன்.
படகு முதலில் கரைக்கு வந்தது,
ஆறு நாள் கழித்து அவன்.

வெள்ளை லில்லி, நடுவே கடலோர நீல முட்பூ.
அட்டையில் அவள் கையெழுத்து:
ஆழ்ந்த துயரத்துடன், மெரியல்.
சாரலில் மை கரைந்தது,
முதலில் துயரம், அப்புறம் பெயர்.
நன்றி எழுதிப் போட்டேன்.
தபால்தலை என் காசு.

சனிக்கிழமைக்குள் ஊர் கொதித்தது.
சாவு வீட்டிலுமா கணக்கு என்றார்கள்.
பத்திரிகைக்காரன் ஒருவன் வாசலில் நின்று
எப்படி இருக்கிறது உங்களுக்கு என்று கேட்டான்.
மழையாக இருக்கிறது என்றேன்.
மீன் பொரிக்கும் கடையில்
எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்கள்,
காசு வாங்காமல், ரசீது தராமல்.

அவள் பணத்தைத் திருப்பிக் கட்டினாள்.
கட்டிய ரசீதையும் ஒட்டினாள்.
பிறகு என் வீட்டுக்கு வந்து
காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று
மிதியடிமேல் நின்றாள்.
"விதியில் இடம் இருந்தது, டோனல்டினா."
உடனே, "இல்லை, அது பதிலில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"அந்த ஒன்றை மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கலாம்.
கையில் வெகுநேரம் வைத்திருந்தேன்."

நான் ஒன்று கேட்டேன்.
நீ பணம் கட்டும்வரைக்கும்
அது யார் வைத்த பூ?

அவளுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரியும், இரவெல்லாம் பங்கு பிரித்திருந்தேன்.
நாட்டில் வரி கட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும்
ஓர் இதழின் ஓரம்கூட வராது.
ஆனாலும் வைத்திருந்தார்கள்.
லண்டனில் அவள் வீட்டுக்காரர் வைத்திருந்தார்.
அறுந்த வலை ஒன்றுக்காக
லாக்லனோடு பதினோரு வருடம் பேசாத வில்லினா
தனக்கே தெரியாமல் வைத்திருந்தாள்.
படகுக்கு உரிமம் மறுத்த அலுவலகத்து ஆள்,
கடலையே பார்த்திராத ஏதோ நகரத்துப் பிள்ளைகள்.
என் சம்பளத்திலும் பிடித்தார்கள், நானும்தான்.

"இப்போது அது உன்னுடைய பூ மட்டும்" என்றேன்.
அது குற்றச்சாட்டா என்று அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும் சரியாகத் தெரியாது.
தேநீர் கொடுத்தேன்.
இஞ்சி பிஸ்கட் இருந்தது, எடுத்து வைக்கவில்லை.

இன்று வியாழன்.
புதிய மாதம் ஒட்டியாயிற்று.
பிஸ்கட் இல்லை, பூ இல்லை.
லண்டன் வாடகை இருக்கிறது,
போன மாதத்தைவிட நூற்றுப்பத்து அதிகம்.
யாருக்குக் கொடுத்தது என்ற இடத்தில்
கறுப்பு மையால் ஒரு கோடு.
முன்பும் இருந்திருக்கும்.
வில்லினா வேறு வரிசையைப் படிக்கிறாள்.

கையுறையால் கண்ணாடியைத் துடைக்கிறேன்.
என் பக்கம் தெளிகிறது.
கோடு உள்பக்கம்.
பேருந்து வருகிறது, நான் இன்னும் ஏறவில்லை.